வீட்டுத் தையல் மிஷினில் குழந்தைக்கு ஒரு குயில்ட்: ஃப்ரீ மோஷன் தையலுக்கு முழுமையான வழிகாட்டி

மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்த விரிப்புதான் குயில்ட். துணியைக் கையால் நகர்த்தித் தைக்கும் ஃப்ரீ மோஷன் குயில்டிங் பழக ஆசைப்படுகிறவர்களில் பலர் எடுத்த எடுப்பிலேயே இரட்டைக் கட்டிலுக்கான விரிப்பில் கைவைத்து, பாதியில் மடித்துப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். அவர்கள் கையில் குறை இல்லை, அளவில்தான் குறை. வீட்டு மிஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே 6 அல்லது 7 அங்குல இடம்தான் இருக்கும். அந்தச் சந்துக்குள் அவ்வளவு பெரிய துணியை நுழைத்துத் திருப்பத் தோள்பலம் வேண்டும். குழந்தைக் குயில்ட் 36க்கு 42 அங்குலம். எந்த மூலையில் தைத்தாலும் பாதித் துணிக்குமேல் அந்தச் சந்துக்குள் போக வேண்டியதில்லை. முதல் வேலைக்கு இதைவிடத் தோதான அளவு கிடையாது.

சாதாரணத் தையலில் ஊசித் தட்டின் கீழிருக்கும் பற்கள் துணியைப் பிடித்துப் பின்னால் தள்ளுகின்றன. தையலின் நீளத்தை மிஷினே முடிவு செய்கிறது. ஃப்ரீ மோஷனில் அந்தப் பற்களை இறக்கிவிடுகிறோம். துணியை முன்னே, பின்னே, பக்கவாட்டில், வட்டமாக எப்படி வேண்டுமானாலும் கையால் நகர்த்தலாம். தையலின் நீளம் இப்போது இரண்டு வேகங்களைப் பொறுத்தது: காலால் ஊசியை ஓட்டும் வேகம், கையால் துணியை நகர்த்தும் வேகம். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று இசைய வைப்பதுதான் வித்தை. மற்றதெல்லாம் ஏற்பாடு. ஆனால் அந்த ஏற்பாடு சரியில்லையென்றால் வித்தை வேலைக்கு ஆகாது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்குமேல் தைக்க உட்காருவதற்கு முந்தைய வேலைகளுக்கே போகிறது.

மிதி மிஷினில் ரவிக்கைக் கைகளுக்கு வளையம் மாட்டி எம்பிராய்டரி போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் செய்வதும் இதுவேதான். அங்கே ஒற்றைத் துணி வளையத்தில் இறுக்கமாக நிற்கும். இங்கே மூன்று அடுக்கு, வளையம் கிடையாது. கையால் தைத்ததுதான் குயில்ட், மிஷினில் தைப்பது மட்டம் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவிலும் இருந்தார்கள். 1989இல் கென்டக்கி மாநிலம் படூக்கா நகரில் நடந்த குயில்ட் போட்டியின் முதல் பரிசை மிஷினில் தைத்த குயில்ட் வென்றபோது அங்கே பெரிய சர்ச்சையே கிளம்பியது. இன்று அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

குழந்தை மலைமேலா, அடிவாரத்திலா?

துணி வாங்குவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். சேலம் நகரில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. மார்கழியில் அங்கே பகல் பதினொரு மணிக்கும் பனிமூட்டம் கலையாமல் நிற்கும். முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வேறு வேறு குயில்ட்கள் தேவைப்படுகின்றன. வித்தியாசம் நடு அடுக்கில் இருக்கிறது.

சேலத்துக் குழந்தைக்கு நடுவில் பஞ்சுத் தகடே தேவையில்லை என்பது என் கருத்து. நன்றாகத் துவைத்துத் துவைத்து மிருதுவான பழைய நூல் வேட்டி இரண்டு அடுக்கு, அல்லது ஒரு அடுக்கு ஃபிளானல் துணி போதும். தரையின் கடினம் தெரியாது, முதுகும் வேர்க்காது, தைப்பதும் எளிது. ஏற்காட்டுக்கு மெல்லிய பருத்திப் பஞ்சுத் தகடு வாங்குங்கள். குயில்ட் செய்பவர்களுக்கென்றே இணையத்தில் விற்கிறார்கள். பருத்தியும் பாலியஸ்டரும் 80க்கு 20 கலந்த தகடு பழகுகிறவர்களுக்கு நல்லது, அது அடித்துணியைக் கவ்விப் பிடிக்கும், வழுக்காது. மெத்தைக் கடைகளில் கிடைக்கும் பாலியஸ்டர் வாடிங் மலிவானது. ஆனால் உப்பலாக இருக்கும், தைக்கும்போது அடுக்குகள் நகரும். அதையே வாங்குவதானால் கடையில் இருப்பதில் மிக மெல்லியதைக் கேட்டு வாங்குங்கள். தலையணைக்கு அடைக்கும் உதிரி ஃபைபரும் இலவம் பஞ்சும் இதற்கு ஆகாது. முதல் சலவையிலேயே திரண்டு மூலைக்கு மூலை கட்டியாகிவிடும். நடு அடுக்கு எதுவானாலும் தகடாகவோ துணியாகவோ இருக்க வேண்டும்.

குயில்ட் எதற்கு என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இது தரையில் விரித்துக் குழந்தையைக் குப்புறப் போட்டு விளையாட வைக்க, மடியில் வைத்திருக்கும்போது சுற்றிக்கொள்ள, விழித்திருக்கும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கப் பயன்படுத்த. ஒரு வயது நிறையும் வரை தூங்கும் குழந்தையின் படுக்கையில் தளர்வான போர்வையோ குயில்டோ தலையணையோ இருக்கக்கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் அறிவுரை. முகத்தில் விழுந்தால் விலக்கிக்கொள்ளக் குழந்தைக்குத் தெரியாது, மூச்சு முட்டும். தூளிக்குள் மெத்தைபோல இதை மடித்துப் போடுவதும் வேண்டாம். ஏற்காட்டுக் குளிரில் போர்த்தாமல் எப்படி என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். ஒரு சட்டை கூடுதலாகப் போட்டுவிடுங்கள் என்று சொல்லுங்கள்.

துணி

மேல்துணிக்கு 44 அங்குலப் பன்னாவில் 1.25 மீட்டர், அடித்துணிக்கு அதே பன்னாவில் 1.5 மீட்டர், ஓரப்பட்டிக்கு அரை மீட்டர். சேலத்தில் இதற்காக அலைய வேண்டியதில்லை. பழைய பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைவீதிகளில் எல்லாமே கிடைக்கும். முழுப் பருத்திதான் வாங்க வேண்டும். பட்டும் வழவழப்பான செயற்கைத் துணியும் இந்த வேலைக்கு எதிரிகள். சேலத்தின் வெண்பட்டு வேட்டியும் இளம்பிள்ளைச் சேலையும் ஊருக்குப் பெருமை சேர்ப்பவை என்றாலும் குழந்தை வாயில் வைத்துச் சப்பப்போகும் துணியில் பட்டுக்கும் சரிகைக்கும் இடமில்லை.

பல நிறத் துண்டுகளை வெட்டி ஒட்டுப்போட்டுத்தான் மேல்பக்கம் செய்ய வேண்டும் என்று நினைக்காதீர்கள். முதல் குயில்டுக்கு ஒரே முழுத்துணி போதும். ஒட்டுத் தையல்கள் வரும் இடங்களில் கனம் கூடும், ஊசிப் பக்கத்தில் துணியை அழுத்தும் ஃபுட் இடறும். பழகும்போது அந்தத் தொல்லை எதற்கு? சிறு பூக்களோ இலைகளோ நெருக்கமாக அச்சிட்ட துணியானால் இன்னும் நல்லது. தையலின் ஏற்ற இறக்கங்களை அந்த அச்சு விழுங்கிவிடும். அடித்துணிக்கும் அச்சிட்ட துணியே எடுங்கள். அழகாக இருக்கும் என்று ஒற்றை வெள்ளையில் காடாத் துணியைப் போட்டால் ஒவ்வொரு கோணலும் தெரியும்.

எல்லாத் துணியையும் வெட்டுவதற்கு முன்பே துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். கஞ்சி போகும், சுருங்குவது சுருங்கும், சாயம் விடுகிற துணி தன்னைக் காட்டிக்கொடுக்கும். சிவப்பு, கருநீலம், கரும்பச்சைத் துணிகளை ஈரமாக இருக்கும்போதே ஒரு வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தத் துணி குழந்தைக்கு வேண்டாம்.

பிறகு வெட்டுங்கள். மேல்துணி 36க்கு 42. நடு அடுக்கு 40க்கு 46. அடித்துணி 42க்கு 48. கீழே போகப் போகப் பெரிதாவதற்குக் காரணம் உண்டு. தைக்கத் தைக்கத் துணி உள்வாங்கும், அதோடு ஓரத்தில் தைக்கும்போது விரல்கள் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும்.

அடுக்குவது: இங்கே அவசரப்பட்டால் பின்னால் அழ வேண்டும்

சிமென்ட் தரையோ டைல்ஸ் தரையோ, நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகு அடித்துணியை நல்லபக்கம் தரையைப் பார்க்க விரியுங்கள். நான்கு ஓரங்களிலும் அட்டைப்பெட்டி ஒட்டும் டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். முதலில் எதிரெதிர்ப் பக்கங்களின் நடுப்பகுதி, பிறகு மூலைகள். துணி விறைப்பாக இருக்க வேண்டும், ஆனால் இழுபடக்கூடாது. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் சுருங்கி, கீழே மடிப்பு விழும்.

அதன்மேல் நடு அடுக்கை விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்துங்கள். பஞ்சுத் தகடு பொட்டலத்தில் மடிந்தே கிடந்திருக்கும். முதல் நாளே பிரித்துக் கட்டில்மேல் போட்டுவைத்தால் மடிப்புத் தழும்புகள் தளர்ந்துவிடும். அதன்மேல் மேல்துணி, நல்லபக்கம் உங்களைப் பார்க்க.

இனி மூன்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஒட்டும் ஸ்பிரே உண்டு. மூடிய அறையில் அதை அடிக்காதீர்கள், குழந்தைத் துணிக்கு எனக்கு அது பிடிப்பதும் இல்லை. ஊக்கு நல்ல வழி. நடுவில் தொடங்கி, உள்ளங்கையை எங்கே வைத்தாலும் அதன் அடியில் ஒரு ஊக்காவது தட்டுப்பட வேண்டும், அதாவது சுமார் 4 அங்குலத்துக்கு ஒன்று. துருப்பிடித்த பழைய ஊக்குகளைத் தூக்கிப்போடுங்கள், ஏற்காட்டு ஈரப்பதத்தில் அவை ஒரே இரவில் துணியில் கறை வைக்கும். குத்துவதற்கு முன் ஊக்குகளை எண்ணி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். குழந்தையின் விரிப்பில் ஒரு ஊக்கு மறந்துபோவது மன்னிக்கக்கூடிய மறதி இல்லை.

ஊக்குகளுக்கு நடுவே தைத்துத் திரும்புவது எரிச்சலாக இருந்தால் கையால் நீள நீளமாக ஓட்டுத் தையல் போடுங்கள், குறுக்கும் நெடுக்குமாக, 4 அங்குல இடைவெளியில். இரண்டு மணிநேரம் போகும், ஆனால் தைக்கும்போது நிறுத்தி நிறுத்தி ஊக்கு கழற்றும் வேலை இருக்காது. வெளிர்நிறத் துணியில் கருப்பு நூலால் ஓட்டாதீர்கள், அதன் சாயம் துகள்போல ஒட்டிக்கொள்ளும்.

டேப்பை எடுத்துவிட்டு அடியில் பாருங்கள். எங்காவது தொளதொளவென்று இருந்தால் இப்போதே பிரித்துச் சரிசெய்யுங்கள்.

மிஷின்

இரண்டு கையும் துணியில் இருக்க வேண்டும் என்பதால் கையால் சுற்றும் மிஷின் ஆகாது. மிதி மிஷின் ஆகும். மிதிக்கும் தாளத்துக்குக் கால் பழகியவர்களுக்கு மின்சார மிஷினைவிட அதிலேயே வேகம் கட்டுக்குள் நிற்கும், மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்துகிற நாளிலும் வேலை நிற்காது. மின்சார மிஷினில் வேகத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் பாதியில் வையுங்கள்.

பற்களை இறக்குவது மிஷினுக்கு மிஷின் மாறும். சிலவற்றில் பின்பக்கமோ பாபின் அறைக்கு அருகிலோ ஒரு நெம்பு இருக்கும். சிலவற்றில் பற்களை மூடுவதற்கு ஒரு பிளாஸ்டிக் தட்டுக் கொடுத்திருப்பார்கள். பழைய கருப்பு மிஷின்கள் பலவற்றில் அடியில் ஒரு திருகு உண்டு. எதுவும் இல்லையென்றால் ஒரு விசிட்டிங் கார்டில் ஊசி இறங்கும் இடத்தில் சிறு துளை போட்டு, பற்களின்மேல் வைத்து டேப்பால் ஒட்டுங்கள். தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்தால் பற்கள் துணியை இழுக்காது.

அடுத்தது டார்னிங் ஃபுட். ஊசி மேலே போகும்போது தானும் எழும்பி, ஊசி இறங்கும்போது துணியை லேசாக அழுத்தும் ஸ்பிரிங் வைத்த ஃபுட் அது. தையல் மிஷின் பாகங்கள் விற்கும் கடையில் உங்கள் மிஷினின் ஃபுட் கம்பி உயரமானதா குட்டையானதா என்று காட்டி வாங்குங்கள். முடிந்தால் பழைய ஃபுட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். வட்ட முனை திறந்ததாகவோ கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்காலோ இருந்தால் தைத்த கோடு தெரியும்.

ஊசியைப் புதிதாக மாற்றுங்கள். 90/14 எண், குயில்டிங் ஊசியோ டாப் ஸ்டிச் ஊசியோ. மேலே, பாபினில் இரண்டிலும் ஒரே நிற நூல் போடுங்கள், நூலின் இறுக்கம், அதாவது டென்ஷன், கொஞ்சம் பிசகினாலும் கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் பல வருடமாகக் கிடக்கும் நூல்கண்டை நம்பாதீர்கள். ஒரு முழம் இழுத்துச் சுண்டிப் பாருங்கள், பொட்டென்று அறுந்தால் அது இதற்கு ஆகாது. பாபின்களை முன்கூட்டியே நான்கைந்து சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பாபின் அறையைத் திறந்து பஞ்சுத் தூசியைத் துலக்கிவிட்டு ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடுகிற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும் எண்ணெய். ஏற்காட்டில் மார்கழி, தையில் புட்டிக்குள்ளேயே வெள்ளையாக இறுகி நிற்பது மிஷினுக்குள் மட்டும் ஓடுமா? சேலத்து வெயிலில் உறையாது என்றாலும் நாளடைவில் பிசினாகிச் சக்கரத்தைப் பிடித்துவிடும்.

மிஷினை மேசையின் வலது ஓரத்தில் வையுங்கள். துணியின் கனம் இடப்பக்கமும் பின்பக்கமும் மேசைமேல் தாங்கி நிற்க வேண்டும். ஓரத்தில் தொங்கினால் அந்தக் கனம் துணியை இழுக்கும், நீங்கள் வட்டம் போட்டால் அது முட்டையாக வரும். மேசை போதவில்லையென்றால் இடப்பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு உயரத்தைப் புத்தகங்களால் சமன் செய்யுங்கள்.

கை பழக்கம்

மீதித் துணியில் 12 அங்குலச் சதுரங்கள் சில வெட்டி, அதே நடு அடுக்கை வைத்துச் சிறு அடுக்குகள் செய்துகொள்ளுங்கள். பழகும் துணி வேறு, குயில்ட் வேறு என்றால் டென்ஷன் பார்ப்பதில் பொருளில்லை.

அதற்கும் முன்னால் ஒரு நோட்டுத் தாளில் பேனாவால் நீங்கள் தைக்க நினைக்கும் வடிவத்தைக் கையெடுக்காமல் நிரப்புங்கள். எங்கே மாட்டிக்கொள்கிறோம், எப்படி வெளியே வருகிறோம் என்பது பேனாவிலேயே தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தாளில் பேனா நகர்கிறது, மிஷினில் ஊசி நின்ற இடத்தில் நிற்க, தாள்தான் நகர்கிறது. வலப்பக்கம் கோடு வேண்டுமென்றால் துணியை இடப்பக்கம் தள்ள வேண்டும். அரைமணி நேரத்தில் மூளை இதற்குப் பழகிவிடும், அதுவரை கோபம் வரும்.

துணியை வழுக்காமல் பிடிக்க ரப்பர் புள்ளி வைத்த கையுறையைச் சொல்வார்கள். வங்கியில் நோட்டு எண்ணுகிறவர்கள் விரலில் மாட்டும் ரப்பர் உறை இரண்டு கைக்கும் இரண்டிரண்டு வாங்கினால் அதே வேலையைச் செய்யும். சேலத்து வெயிலில் கையும் வேர்க்காது.

ஃபுட்டைச் சுற்றி இரண்டு கைகளையும் அரைவட்டங்களாக வையுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடம். அந்த இடத்துக்குள் மட்டும் தையுங்கள். அதைத் தாண்ட வேண்டுமென்றால் ஊசி துணிக்குள் இறங்கியிருக்க, மிஷினை நிறுத்தி, கைகளை நகர்த்தி வைத்துப் பிறகு தொடருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை எட்டி வைக்கப் போய்த்தான் கோடு துள்ளுகிறது. தோள்கள் காதுவரை ஏறியிருந்தால் இறக்குங்கள், மூச்சை விடுங்கள். சிரிக்க வேண்டாம், புதிதாகப் பழகுகிற எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தைக்கிறார்கள்.

காலுக்கு நிதானமான, சீரான நடுத்தர வேகம். புதியவர்கள் பயந்து மிஷினை மெதுவாக ஓட்டிக் கையை வேகமாக இழுப்பார்கள். விளைவு, அரை அங்குல நீளத் தையல்கள். அதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். ஊசி ஓரளவு வேகமாகவும் கை மெதுவாகவும் போகட்டும். ஓர் அங்குலத்துக்கு 8 முதல் 12 தையல் வந்தால் போதும். கண் ஊசியைப் பார்க்கக்கூடாது, அடுத்து எங்கே போகப் போகிறீர்களோ அந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

துண்டைத் திருப்பிப் பார்த்து டென்ஷனைச் சரிசெய்யுங்கள். பாபின் நூல் மேல்பக்கம் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் இறுக்கம், எண்ணைக் குறையுங்கள். அடியில் மேல்நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல் டென்ஷன் தளர்வு, அல்லது நூல் டென்ஷன் தட்டுகளுக்குள் உட்காரவே இல்லை. ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நூலை முதலிலிருந்து மறுபடி கோத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். வளைவுகளில் மட்டும் அடியில் கண்ணிமைபோல் நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தால் டென்ஷனைத் தொடாதீர்கள். வளைவில் கையை வேகமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

எந்த வடிவம்?

எல்லோரும் முதலில் சொல்வது மியாண்டர் எனப்படும், தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாமல் நெளிந்து போகும் கோடு. பார்க்க எளிது, ஆனால் கோடு தன்னைத் தொடக்கூடாது என்ற விதி புதியவர்களை ஒரு மூலையில் கொண்டுபோய் மாட்டிவிடும். அதைவிடக் கண்ணியைத் தொடர்ந்து கண்ணி போட்டுக்கொண்டே போகும் வடிவம் நல்லது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டலாம், எந்தப் பக்கமும் திரும்பலாம்.

என் முதல் சிபாரிசு மாங்காய். சேலை முந்தானையில் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகிய வடிவம் என்பதால் கை தானாகவே போகும். ஒரு புள்ளியில் தொடங்கி ஒரு மாங்காய் வளைத்து அதே புள்ளிக்குத் திரும்புங்கள். அதைச் சுற்றிக் கால் அங்குலமோ அரை அங்குலமோ தள்ளி இன்னொரு கோடு, மறுபடி அதே புள்ளி. அடுத்த மாங்காயை வேறு திசையில் தலை வைத்துப் போடுங்கள். இடம் குறைந்தால் குட்டி மாங்காய், நிறைய இருந்தால் மூன்றாவது சுற்று. எந்த இடுக்கையும் நிரப்பும், எந்தக் கோணலையும் மறைக்கும்.

சிக்குக் கோலம் போட ஆசை வரும், எனக்கும் அதில் பாரபட்சம் உண்டு. ஒற்றைக் கம்பியில் முடியும் கோலம் இந்தத் தையலுக்கென்றே பிறந்ததுபோலத் தோன்றும். தொடங்கிய இடத்திலேயே முடிவதால் நூல்முனை மறைக்கும் வேலை ஒரே ஒருமுறைதான். ஆனால் எல்லாச் சிக்குக் கோலமும் ஒற்றைக் கம்பி இல்லை. தாளில் வரைந்து விரலை வைத்து ஓட்டிப் பாருங்கள், சிலவற்றில் இரண்டு மூன்று தனிக் கண்ணிகள் ஒளிந்திருக்கும். புள்ளிகளுக்கு நடுவே 2 அங்குலம் விடுங்கள். புள்ளிகளை மட்டும் தையல் சாக்பீஸால் வைத்தால் போதும், கம்பியைக் கண்ணால் ஓட்டலாம். நீரில் அழியும் நீலப் பேனாவில் வைத்தால், துவைத்து அழிக்கும்வரை அதன்மேல் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது. சூடு பட்டால் கோடு நிலைத்துவிடும். இன்னொரு எச்சரிக்கை: நடுவில் நெருக்கமான கோலம், சுற்றிலும் வெறுமை என்று விட்டால் நடு சுருங்கி ஓரம் அலையலையாக நிற்கும். கோலம் போட்டால் மீதி இடத்தையும் அதே நெருக்கத்தில் கண்ணிகளாலோ மாங்காயாலோ நிரப்ப வேண்டும்.

நெருக்கம் எவ்வளவு? கோடுகளுக்கு நடுவே ஓர் அங்குலம் முதல் 2 அங்குலம்வரை. கால் அங்குல நெருக்கத்தில் நெளிநெளியாகத் தைத்த குயில்ட்களைப் படங்களில் பார்த்து மயங்க வேண்டாம். சுவரில் மாட்ட அவை அழகு, குழந்தைக்கு அட்டைபோல விறைக்கும். பஞ்சுத் தகட்டின் உறையில் அதிகபட்ச இடைவெளி எவ்வளவு என்று எழுதியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள்.

தைக்கும் வேலை

குயில்டின் நடுவிலிருந்து தொடங்குங்கள். ஓரத்தில் தொடங்கினால் மிஞ்சும் துணியெல்லாம் நடுவுக்குத் தள்ளப்பட்டு அங்கே மடிப்பாகிவிடும். வலப்பக்கம் போக வேண்டிய பாதியை இறுகச் சுருட்ட வேண்டாம். தளர்வாகக் கசக்கி ஒதுக்கினால் சந்துக்குள் லேசாக நகரும்.

ஃபுட்டை இறக்குங்கள். ஸ்பிரிங் ஃபுட் இறக்கினாலும் துணியைத் தொடாததுபோலவே இருக்கும், அதனால் இறக்கியதாக நினைத்துக்கொண்டு தைக்கத் தொடங்குவது சகஜம். அடியில் பறவைக்கூடுபோல நூல் திரள்வதற்குப் பத்தில் ஒன்பது முறை இதுதான் காரணம். சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி, மேல்நூலை இழுத்துப் பாபின் நூலை மேலே கொண்டுவாருங்கள். இரண்டு முனைகளையும் விரலில் பிடித்துக்கொண்டு, அதே இடத்தில் மிகச் சிறிய தையல்கள் நான்கைந்து போட்டுப் பூட்டுங்கள். பிறகு கிளம்பலாம்.

நடுவிலிருந்து ஒரு சாண் ஒரு சாணாக வெளியே நகருங்கள். ஊக்கு அருகில் வரும்போது நிறுத்திக் கழற்றுங்கள், அதன்மேல் ஏறிப் போகலாம் என்று துணியாதீர்கள், ஊசி முறிந்து கண்ணுக்குத் தெறிக்கும். நிறுத்துவதென்றால் வளைவின் நடுவில் நிறுத்தாமல் கூர்முனையிலோ கோடுகள் வெட்டும் இடத்திலோ நிறுத்துங்கள். மறுபடி தொடங்கும்போது வரும் சிறு துள்ளல் அங்கே தெரியாது. மின்சாரம் போனால் துணியை இழுக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை மேலே எடுங்கள். ஒவ்வொரு பாபின் தீர்ந்ததும் ஒருமுறை எழுந்து குயில்டின் அடிப்பக்கத்தை முழுதாகப் பாருங்கள். தவறு இருந்தால் ஒரு பாபின் அளவோடு நிற்கும்.

நூல்முனைகளை வெட்டிவிட்டுப் போகாதீர்கள். பெரிய கண் உள்ள கை ஊசியில் கோத்து, துணிக்கடியில் நடு அடுக்கு வழியாக ஓர் அங்குலம் ஓட்டி, வெளியே எடுத்துத் துணியோடு ஒட்ட வெட்டுங்கள். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. கைக்குழந்தையின் விரலிலோ கால்விரலிலோ தளர்ந்த நூல் சுற்றி இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுவது மருத்துவர்கள் நன்கறிந்த ஆபத்து. இதே காரணத்துக்காகத்தான் கால் அங்குலத்துக்கு மேற்பட்ட நீளத் தையல்களையும் அடியில் தொங்கும் வளையங்களையும் பிரித்துத் தைக்கச் சொல்கிறேன். அடித்துணியில் விழுந்த மடிப்பையும் பிரியுங்கள். மற்றபடி கோணல் மாங்காய், சற்று வீங்கிய வட்டம், ஓரிடத்தில் குட்டையான தையல் இவற்றைப் பிரிக்க உட்கார்ந்தால் குழந்தை பள்ளிக்கூடம் போகும்வரை குயில்ட் முடியாது.

நூல் அடிக்கடி அறுந்தால் முதலில் ஊசியை மாற்றுங்கள், பிறகு நூலை, பிறகு கை வெட்டி வெட்டி இழுக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஊசித் தட்டின் துளையை விரல்நுனியால் தடவுங்கள், ஊசி குத்திய சிராய்ப்பு இருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டி மழமழப்பாக்கிக்கொள்ள வேண்டும். தையல் விட்டு விட்டு விழுந்தால் துணி ஊசியோடு மேலே எழும்புகிறது என்று பொருள். ஃபுட்டுக்கு இரண்டு பக்கமும் விரல்களால் துணியை அழுத்திப் பிடித்துத் தையுங்கள்.

ஓரப்பட்டி

நான்கு பக்கமும் நேராக வெட்டி, மூலைகள் செங்கோணமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டரை அங்குல அகலத்தில் ஐந்து பட்டிகளை வெட்டி, சாய்வாக இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். பற்களை மேலே ஏற்றி, சாதாரண ஃபுட்டை மாட்டி, பட்டியின் திறந்த ஓரத்தை அடிப்பக்கத்து ஓரத்தோடு சேர்த்துக் கால் அங்குலத்தில் தைத்து, மேல்பக்கம் திருப்பி விளிம்பிலேயே இன்னொரு தையல். ரவிக்கைக்குப் பட்டி அடிக்கத் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மணி, ஜிமிக்கி, பொத்தான், குஞ்சம் எதுவும் வேண்டாம்.

சலவை

முதலில் தாளில் எழுதிய ஊக்குக் கணக்கைச் சரிபாருங்கள். நீலப் பேனா பயன்படுத்தியிருந்தால் சோப்பு இல்லாத குளிர்ந்த நீரில் ஊறவைத்து அலசுங்கள். பிறகு மிதமான சோப்பில் துவையுங்கள். பருத்தித் தகடு போட்ட குயில்ட் முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கித் துணி முழுக்கச் சிறு நெளிவுகள் எழும்பும், தையலின் குறைகள் பாதி அதில் மறைந்துபோகும். இஸ்திரி போட்டு அதைக் கெடுக்காதீர்கள்.

முறுக்கிப் பிழியாமல் நீரை அழுத்தி எடுத்து, கொடியில் ஒரு முனையில் தொங்கவிடாமல் இரண்டு கொடிகளில் பரப்பிப் போடுங்கள். சேலத்தில் அடிப்பக்கம் வெயிலைப் பார்க்கட்டும், சாயம் வெளுக்காது, இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஏற்காட்டில் மூடுபனிக் காலத்தில் இரண்டு நாள்கூட ஆகும். வெளித்துணி காய்ந்தாலும் நடு அடுக்கில் ஈரம் நிற்கும், மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கையால் அழுத்திப் பார்த்துக் குளிர்ச்சி தட்டினால் இன்னும் காயவில்லை.

சில மாதங்களில் எங்காவது தையல் விட்டுப்போகும். நூல் அறுந்த இடத்துக்கு ஓர் அங்குலம் முன்னாலிருந்து பழைய கோட்டின் மேலேயே தைத்து, ஓர் அங்குலம் தாண்டிப் போய் நிறுத்தி, முனைகளை உள்ளே ஓட்டிவிடுங்கள். இதற்காகவே அந்த நிற நூலில் ஒரு பாபினைத் தனியாக எடுத்து வையுங்கள்.